திண்டிவனத்துக்கு எடுத்த சீட்டு

வழிப்பயணம் மேற்கொள்வோர் பல திறத்தினர். பொருள் தேடிச் செல்வோர் உளர். கல்வி நாடிச் செல்வோர் உளர். புதிய ஊர்களைக் கண்டு மகிழச் செல்வோரும் உளர். இவர்கள் யாவரினும் வேறுபட்டவர், தம் உள்ளத்தில் எழுந்த வினா ஒன்றுக்கு விடை தேடிச் செல்வோர். இத்தகையோர் பலர், நம் நாட்டினரும் அயல்நாட்டினருமாகத் திருவண்ணாமலையின் அடிவாரத்தில் உள்ள ரமணாசிரமத்துக்கு வந்து தங்கியிருக்கின்றனர். சென்னையிலிருந்து புகைவண்டியில் வந்தவர்கள் திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரத்தில் இறங்கிக் காட்பாடி செல்லும் கிளைப்பாதையில் வண்டி மாறினர். தாம் காணச் செல்லும் முனிவரும் ஒரு காலத்தில் அதே விழுப்புரத்தில், கையில் இரண்டரை அணாவுடன் வழி தெரியாது நின்ற சிறுவர் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? அவ்வாசிரமத்தின் அன்றாட வாழ்வை நன்கு உணர விரும்புவோர் முதலில் அந்தச் சிறுவரின் பயணத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றிய பெரியாரின் இளமைப் பெயர் வேங்கடராமன் என்பது. அவர் 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர், தாயார் அழகம்மாள். 1892-இல் தந்தையார் மறைந்தபின், வேங்கடராமன் தம் தமையனுடன் மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். விளையாட்டில் அவருக்கிருந்த ஆர்வம் பாடத்தில் இல்லை. 1895-இல் உறவினர் ஒருவர் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறியபோது, அப்பெயருடைய இடம் ஒன்று இம்மண்ணுலகிலேயே இருக்கின்றதா என்று அவர் வியந்தார். அது திருவண்ணாமலையே என்று உறவினர் விளக்கினார். அப்பெயர் சிறுவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள், நோய் ஏதும் இல்லாத நிலையில், தாம் இறக்கப் போவதாக ஓர் அச்சம் அவரைத் திடீரெனப் பற்றியது. வேறு சிறுவராயின் கூவி அழுதிருப்பர். வேங்கடராமனோ, பிணம் போலத் தரையில் கிடந்து, இறப்பது யாது, இறவாமல் எஞ்சுவது யாது என்று தமக்குள் ஆராயத் தலைப்பட்டார். அன்று முதல் அவர் மனம் பாடத்திலும் விளையாட்டிலும் ஒட்டவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் சனிக்கிழமை. படிக்காமற் போனதற்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மும்முறை எழுதும்படி ஆசிரியர் பணித்திருந்தார். இரு முறை எழுதிய வேங்கடராமன், மூன்றாம் முறை எழுத மனமின்றி ஏட்டைத் தள்ளிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். அதனைக் கண்ட தமையனார், இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று கடிந்துகொண்டார். அச்சொல்லில் உள்ள உண்மை தம்பியின் நெஞ்சில் தைத்தது. பள்ளியில் தனி வகுப்பு இருப்பதாகக் கூறி அவர் எழுந்தார். ஆயின், போகும் வழியில் தம் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிடுமாறு கூறி, பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார் தமையனார்.

சிறுவர் ஒரு பழைய நிலப்படத்தைப் புரட்டிப் பார்த்தார். திருவண்ணாமலைக்கு மிக அருகில் உள்ள புகைவண்டி நிலையம் திண்டிவனம் என்று அதிலிருந்து அவருக்குத் தோன்றியது. அதற்கு 3 ரூபாய் போதும் என்று கணக்கிட்டார். எனவே 5 ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டை ஒரு கடிதத்துடன் வைத்தார். தந்தையாகிய இறைவனைத் தேடிச் செல்வதாகவும், தம்மைத் தேடிப் பொருள் செலவிட வேண்டாவென்றும், தமையனாரின் சம்பளம் கட்டப்படவில்லையென்றும், 2 ரூபாய் இத்துடன் இருக்கின்றதென்றும் அதில் எழுதினார். வீட்டைத் துறந்து செல்லும் வேளையிலும் கணக்கைத் தெளிவாக ஒப்படைத்த அந்நேர்மை கருதத்தக்கது. ஆயினும், அக்கடிதத்தைக் கண்டபின் அவ்வீட்டார் அடைந்த துயரமும், செய்தி கேட்ட அன்னையார் உற்ற வேதனையும் சொல்லில் அடங்கா.

அவர் நிலையத்தை அடைந்தபோது வண்டி புறப்படும் நேரம் கடந்திருந்தது. நற்பேறாக அன்று வண்டியும் காலந்தாழ்ந்தே வந்தது. திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணா கொடுத்துச் சீட்டு வாங்கினார். அக்காலத்தில் 16 அணா கொண்டது ஒரு ரூபாய். ஆகவே அவர் கையில் எஞ்சியவை 3 அணாக்களே. வண்டியில் வெண்தாடியுடைய மௌல்வி ஒருவர் இருந்தார். யாருடனும் பேசாது அமர்ந்திருந்த சிறுவரை நோக்கி, அவர் எங்கே செல்கின்றார் என்று வினவினார். திருவண்ணாமலைக்குச் செல்வதாகவும், திண்டிவனத்துக்குச் சீட்டு எடுத்திருப்பதாகவும் அறிந்த அம்முதியவர், அங்கே செல்வோர் திண்டிவனம் வரை போக வேண்டியதில்லையென்றும், விழுப்புரத்திலேயே இறங்கி வண்டி மாற வேண்டுமென்றும் எடுத்துரைத்தார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதிய இருப்புப்பாதை சில ஆண்டுகளுக்கு முன்னரே போடப்பட்டிருந்தது. பழைய நிலப்படத்தில் அது காணப்படவில்லை. ஏடு அறியாததை வழித்துணைவர் ஒருவர் அறிவித்தார்.

வண்டி திருச்சிராப்பள்ளியை அடைந்தபோது பசி எழுந்தது. அரை அணாவுக்கு இரண்டு பேரிக்காய்கள் வாங்கினார். ஒரு கடி கடித்த அளவிலேயே வயிறு நிறைந்தது போலாயிற்று. இரவு கழிந்து விடிவதற்கு முன், ஏறத்தாழ 3 மணிக்கு, வண்டி விழுப்புரம் வந்து சேர்ந்தது. சிறுவர் அங்கே இறங்கினார். திண்டிவனம் வரை எடுத்த சீட்டில், விழுப்புரத்துக்கு அப்பாலுள்ள வழி செல்லாப் பயணமாயிற்று.

பொழுது விடிந்தது. எஞ்சிய தொலைவை நடந்தே கடக்கலாம் என்று எண்ணி, திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியைக் காட்டும் பலகை ஏதேனும் உண்டா என்று தெருத்தெருவாகப் பார்த்து நடந்தார். மாம்பழப்பட்டு என்று ஒரு பலகையில் எழுதியிருந்தது. அவ்வூர் திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில் உள்ளது என்பதை அவர் அறியார். எவரையும் கேட்கவும் கூச்சம். களைப்பு மேலிட, உணவுக்கடை ஒன்றுள் நுழைந்தார். நண்பகலில்தான் உணவு ஆகும் என்று கடைக்காரர் கூறவே, அங்கேயே அமர்ந்து காத்திருந்தார். உணவு உண்டபின் காசை நீட்டியபோது, கடைக்காரர் அவரிடம் மொத்தம் எவ்வளவு இருக்கின்றது என்று கேட்டார். இரண்டரை அணாவே உள்ளது என்ற விடை கேட்டு, அதனை அவரே வைத்துக்கொள்ளுமாறு கூறிப் பெற மறுத்தார். அக்கடைக்காரர் இன்னார் என்று இன்று நமக்குத் தெரியாது. ஆயின், பெயர் தெரியாத அவர் மறுத்த அக்காசே சிறுவரின் பயணம் மேலும் தொடரத் துணையாயிற்று.

அந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரையில்தான் சீட்டுக் கிடைத்தது. அங்கே இறங்கிய சிறுவர், ஏறத்தாழ 10 மைல் தொலைவு நடந்து, மாலையில் அரகண்டநல்லூரை அடைந்தார். அங்கே பாறைமீது எழுந்த சிவன் கோயிலில் சிறிது நேரம் தியானத்தில் அமர்ந்திருந்தார். பூசை முடிந்தபின் அருச்சகரிடம் உணவு கேட்டார், கிடைக்கவில்லை. அவர்களைத் தொடர்ந்து கீழூரில் உள்ள வீரட்டேசுவரர் கோயிலுக்குச் சென்றார். அங்கும் உணவு இல்லை என்றனர். அப்போது அருகில் நின்ற கோயில் மேளக்காரர், தமக்குரிய சோற்றுப் பங்கை அச்சிறுவருக்குக் கொடுக்குமாறு கூறினார்.

சோற்றைப் பெற்றுக்கொண்டு, தண்ணீர் வேண்டி அருகிருந்த வீட்டுக்குச் சென்ற சிறுவர் களைப்பு மிகுதியால் நினைவிழந்து விழுந்தார். விழித்தபோது சுற்றிலும் மக்கள் கூடி நின்றனர். சோறு தரையில் சிதறிக் கிடந்தது. அவர் தண்ணீர் பருகி, சிதறிய சோற்றைத் திரட்டி உண்டு, அங்கேயே உறங்கினார். சோற்றின் அருமையை அவர் ஏட்டில் படித்தறிந்தவர் அல்லர்; அவ்விரவில் கண்டறிந்தவர்.

மறுநாள் கோகுலாட்டமி. முத்துக்கிருஷ்ண பாகவதர் என்பவர் இல்லத்தில் அச்சிறுவருக்கு வயிறார உணவு கிடைத்தது. மாணிக்கக் கல் இழைத்த தம் பொற்கடுக்கன்களை அவரிடம் ஈடாக வைத்து 4 ரூபாய் பெற்றார். அவை ஏறத்தாழ 20 ரூபாய் பெறும். பாகவதர் முகவரி எழுதித் தந்தார். அவ்வீட்டுப் பெண்டிர் பலகாரப் பொட்டலம் ஒன்றை அளித்தனர். மீட்கும் எண்ணம் இன்மையால் சிறுவர் முகவரிச் சீட்டைக் கிழித்தெறிந்தார். இரவு திருக்கோவிலூர் நிலையத்தில் தங்கி, செப்டம்பர் முதல் நாள் காலை வண்டியேறித் திருவண்ணாமலையை அடைந்தார். மூன்று ரூபாயில் முடியும் என்று எண்ணிய பயணம், மௌல்வி ஒருவர் காட்டிய வழியாலும், கடைக்காரர், மேளக்காரர், பாகவதர் இல்லத்தார் ஆகியோர் இட்ட உணவாலும் முடிந்தது.

அதன்பின் அவர் 54 ஆண்டுகள் அம்மலையை விட்டு அகலவில்லை. தொடக்கத்தில் கோயில் மண்டபத்திலும் பாதாள லிங்கத்திலும் தம்மை மறந்து இருந்தபோது, பிறர் வாயில் ஊட்டிய உணவே அவர் உயிரைக் காத்தது. பின்னர்த் தெருவில் சென்று, வீட்டு வாயிலில் நின்று கை தட்டி, இட்டதை இரு கைகளில் ஏந்தி உண்டார். கணவரையும் மக்களையும் இழந்து துயருற்ற எச்சம்மாள் என்னும் மூதாட்டியார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் நாள்தோறும் அவருக்கு உணவு கொண்டுவந்து படைத்தார்.

1898-ஆம் ஆண்டு இறுதியில் அன்னை அழகம்மாள் மகனைத் தேடி வந்து, வீடு திரும்புமாறு அழுது வேண்டினார். மகன் இசையவில்லை. அன்னை வெறுங்கையுடன் திரும்பினார். ஆயின், 1916-இல் அவர் மீண்டும் வந்து மகனுடனேயே தங்கினார். மலைமீது கந்தாசிரமத்தில் முதன்முதல் அடுப்பு மூட்டிச் சமையல் தொடங்கியவர் அவ்வன்னையே ஆவர். அதுவரை பிறர் கொண்டுவந்ததை உண்ட குழுவினர்க்கு அன்று முதல் சொந்தமாக ஓர் அடுக்களை அமைந்தது. 1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அன்னையார் மறைந்தார். மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தைச் சூழ்ந்தே இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

யோகம் என்றதும் உடலை வளைக்கும் ஆசனங்களும் மூச்சை அடக்கும் பயிற்சிகளுமே பலர் நினைவுக்கு வரும். அவற்றை எதிர்பார்த்து ஆசிரமத்துக்கு வந்த வழிப்போக்கர் வியப்படைந்தனர். அங்கே வகுப்புகள் இல்லை. உபதேசச் சடங்கு இல்லை. வருகைப் பதிவும் இல்லை. ‘நான் யார்?’ என்று ஒவ்வொருவரும் தமக்குள் நாடி ஆராய வேண்டும் என்பதே மகரிஷி காட்டிய நெறி. அந்த ஆராய்ச்சிக்கு நாட்கடன்களைத் துறத்தல் வேண்டியதில்லை என்பதை அவர்தம் அன்றாட வாழ்வே காட்டிற்று.

நெடுங்காலம் அவருடைய நாள் அடுக்களையில் தொடங்கியது. உலகம் உறங்கும் பின்னிரவில் எழுந்து, சமையல் செய்வோருடன் அமர்ந்து காய்கறி நறுக்குவார், துவையல் அரைப்பார், குழம்பின் பக்குவம் பார்ப்பார். விடியற்காலையில் கூடத்தில் பாராயணம் நிகழும். பின்னர் நீராடல், இட்டலியும் காப்பியும் கொண்ட காலைச் சிற்றுண்டி, மலைச்சரிவில் சிறிது நடை. இவை முடிந்து அவர் கூடத்தில் தம் கட்டிலில் அமர்வார். வந்தோர் தரையில் அமர்வர். வினவுவோர் வினவலாம், வாளா இருப்போர் வாளா இருக்கலாம். அஞ்சலில் வந்த கடிதங்களைப் படித்து, அன்பர் எழுதிய விடைகளைத் திருத்துவார். இடையே அணில்கள் வந்து அவர் கையிலிருந்து பருப்பைக் கொறிக்கும். குரங்குகளும் மயில்களும் அச்சமின்றி நடமாடும். 1926-இல் கன்றாக வந்த இலட்சுமி என்னும் பசு, தான் வேண்டியபோது கூடத்துக்கு வந்து அவரைக் கண்டு செல்லும். முற்பகலில் உணவு, நண்பகலுக்குப்பின் மற்றொரு நடை, மாலையில் வேத பாராயணமும் தமிழ்ப் பாராயணமும், இரவு எளிய உணவு, பின்பு ஓய்வு. ஆசிரம விதிப்படி பெண்கள் இருள் சூழுமுன் தத்தம் இருப்பிடங்களுக்குத் திரும்பினர்.

உணவு வேளையே அவ்வாழ்வின் இயல்பைத் தெளிவாகக் காட்டியது எனலாம். அக்காலச் சமூக வழக்கத்தை ஒட்டி அந்தணருக்கும் ஏனையோருக்கும் இடையே அங்கும் ஒரு தடுப்பு இருந்தது. மகரிஷியோ இரு பக்கத்தாரும் தம்மைக் காணும் இடத்தில் அமர்ந்து உண்டார். தம் இலையில் மட்டும் இனிப்போ நெய்யோ மிகுதியாக விழுந்தால் பரிமாறுவோரைக் கடிந்துகொள்வார். எல்லார்க்கும் கிடைக்காத பழச்சாற்றைத் தாம் பருக இசையார். ஒரு விழா நாளில் கூட்டம் மிகவே, பரதேசிகள் இப்போது வரலாகாது என்று யாரோ உரக்கக் கூவினராம். அது கேட்ட மகரிஷி பந்திக்குச் செல்லாது வெளியேறி ஒரு மரத்தடியில் அமர்ந்துவிட்டார். தேடி வந்து வருந்தியவர்களிடம், தாமும் ஒரு பரதேசியே என்று அவர் உரைத்தார் என்பர். கீழூர்க் கோயிலில் உணவு இல்லை என்ற சொல்லைக் கேட்டு நின்றவர் அல்லரோ அவர்! பசித்தவனுக்கு அச்சொல் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பொருளை வீணாக்குதல் அவர்க்கு உடன்பாடன்று. தரையில் சிந்திய அரிசி மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். பிறர் கழித்தெறியும் காய்கறிக் காம்புகளையும் கறியாக்குவார். அச்சுத்தாள்களில் எழுதப்படாத ஓரங்களை வெட்டித் தைத்துச் சிறு ஏடுகள் செய்வார். கிழிந்த நூல்களுக்குத் தம் கையால் கட்டடம் கட்டுவார். கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெருகிட்டுக் கிண்ணமாக்குவார். வழிப்போக்கர் இவற்றைக் கண்டு முதலில் வியந்தனர். பின்னர்த் தாமும் உடன் அமர்ந்து இலை தைக்கவும் காய் நறுக்கவும் கற்றனர்.

ஒரு நாள் கல்லூரி ஆசிரியர் ஒருவர், பயன் கருதாத செயல் என்பது யாது என்று வினவினார். மகரிஷி விடை கூறவில்லை. சிறிது நேரத்துக்குப்பின் மலைமேல் நடக்கப் புறப்பட்டார். ஆசிரியரும் வேறு சிலரும் பின்தொடர்ந்தனர். வழியில் கிடந்த முள் நிறைந்த கிளை ஒன்றை எடுத்த மகரிஷி, ஓரிடத்தில் அமர்ந்து முட்களைக் களைந்தார், கணுக்களைச் செதுக்கினார், சொரசொரப்பான இலையால் அதனைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். பல மணி நேரம் இவ்வேலை நடந்தது. முள்மரக் கிளை அழகிய கைத்தடியாயிற்று. அனைவரும் புறப்படும் வேளையில், ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் தன் கோலைத் தொலைத்துவிட்டு வாட்டமுற்று எதிரே வந்தான். மகரிஷி அக்கணமே கைத்தடியை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். தாம் கேட்ட வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதை ஆசிரியர் உணர்ந்தார்.

இவ்வாழ்வை வெளியுலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்ன பயணியருள் ஒருவர் பால் பிரன்டன் என்னும் ஆங்கிலேயப் பத்திரிகையாளர். இந்தியாவின் யோகியரைத் தேடி வந்த அவர், 1931-ஆம் ஆண்டு தொடக்கத்தில் திருவண்ணாமலைக்கு வந்தார். கேட்க வேண்டிய வினாக்களை மனத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டு கூடத்தில் அமர்ந்தார். மகரிஷி அவரைக் கவனித்ததாகவே தோன்றவில்லை. நேரம் சென்றது. அமைதி மட்டுமே நிலவியது. முதலில் பிரன்டனுக்குப் பொறுமை குன்றியது. பின்னர், தாம் கேட்க எண்ணியவை ஒவ்வொன்றாக உதிர்வதையும், உள்ளம் தெளிந்த நீர் போல அடங்குவதையும் அவர் கண்டார். அருகே ஒரு குடிசையில் தங்கிய அவர், நாள்தோறும் கூடத்தில் அமர்ந்து பெற்ற அனுபவங்களை ஒரு நூலாக எழுதினார். அது 1934-இல் இலண்டனில் வெளிவந்து, மேனாட்டார் பலரைத் திருவண்ணாமலையின்பால் ஈர்த்தது.

அவ்வாறு வந்தவருள் சாட்விக் என்னும் ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் குறிப்பிடத்தக்கவர். 1935-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆசிரமத்தை அடைந்த அவர், 1962-இல் தம் வாழ்நாள் முடியும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1938-இல் வந்த ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம், மகரிஷியைக் காணுமுன்னரே மயங்கி விழுந்தார். கூடத்துக்குச் செல்ல இயலாத அவரைக் காண மகரிஷியே அவர் கிடந்த இடத்துக்கு வந்து, பேசாது உடன் அமர்ந்திருந்தார். வழிப்பயணத்தின் களைப்பால் கீழூரில் மயங்கி விழுந்த சிறுவர், 42 ஆண்டுகள் கழிந்து, தம் வாயிலில் மயங்கிய பயணி அருகே அமர்ந்த காட்சியை எண்ணிப் பார்த்தல் நலம்.

1948-ஆம் ஆண்டு இறுதியில் மகரிஷியின் இடக்கையில் கொடிய கட்டி ஒன்று தோன்றியது. அறுவை மருத்துவம் பலமுறை செய்தும் நோய் நீங்கவில்லை. அந்நிலையிலும், தம்மைக் காண வருவோரைத் தடுத்தல் ஆகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தொலைவிலிருந்து வந்தவர் காணாமல் திரும்புதல் அவர்க்குப் பொறுக்கவில்லை. 1950-ஆம் ஆண்டு ஏப்பிரல் 14-ஆம் நாள் மாலையிலும் மக்கள் வரிசையாக வந்து அவரைக் கண்டு சென்றனர். அன்றிரவு அவர் உடலைத் துறந்தார்.

இன்றும் வழிப்போக்கர் அங்கே வந்து தங்குகின்றனர். முன்னரே எழுதித் தெரிவித்து வருவோர்க்கு உறையுளும் உணவும் கிடைக்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் வரையறுக்கப்படவில்லை. நண்பகலில் ஏழையர்க்கும் துறவியர்க்கும் உணவு வழங்கப்படுகின்றது. விழுப்புரத்தில் வண்டி மாறி வருவோரும், திண்டிவனத்திலிருந்து சாலைவழியே வருவோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றனர்.

ஒருவர் பெற்ற உதவியை அளித்தவர்க்கே திருப்பித் தருதல் எல்லாக் காலத்தும் இயல்வதன்று. விழுப்புரத்துக் கடைக்காரரையும், தம் பங்குச் சோற்றைத் தந்த மேளக்காரரையும் வேங்கடராமன் தேடிச் சென்று கைம்மாறு செய்யவில்லை. ஆயின், தாம் பெற்ற அதே உதவியை, தம் வாயிலை நாடி வந்த அறிமுகமில்லாத மாந்தர்க்கெல்லாம் அரை நூற்றாண்டுக் காலம் அளித்தார். பெற்ற நன்றியை மறவாமை என்பதன் பொருள் இதனினும் தெளிவாக வேறு எங்கே விளங்கும்?

பயிற்சி

1. வேங்கடராமன் திண்டிவனத்துக்குச் சீட்டு எடுத்ததற்குக் காரணம் யாது? அவர் விழுப்புரத்தில் இறங்கியது ஏன்?
2. அவர் எடுத்துச் சென்ற 3 ரூபாய் செலவான வகையைக் கணக்கிட்டு எழுதுக.
3. பயணத்தில் உதவியவர் யாவர்? ஒவ்வொருவரும் செய்த உதவி யாது?
4. கீழூரில் நிகழ்ந்த நிகழ்ச்சிக்கும் ஆசிரமத்தின் உணவு முறைக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
5. கல்லூரி ஆசிரியரின் வினாவுக்கு மகரிஷி எவ்வாறு விடையளித்தார்?
6. உங்கள் ஊருக்கு வழி தெரியாமல் வந்த பயணி ஒருவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.